ஹேண்டில்பாரில் கேமரா: படம் ஜெல்லி போல ஆடுகிறது, எங்கே மாட்டினால் நிற்கும்?

#1 மண்பாதை

வணக்கம். என்னுடையது ஒற்றைச் சிலிண்டர் வண்டி, 350 சிசி. பயணங்களைப் படம் பிடிக்கலாம் என்று ஓர் ஆக்‌ஷன் கேமரா வாங்கினேன். ஹேண்டில்பாரின் வலப்பக்கம், கண்ணாடித் தண்டுக்கு அருகில் பிளாஸ்டிக் கிளாம்ப் போட்டு, அதற்கு மேல் மூன்று இணைப்புக் கைகளை அடுக்கி மாட்டியிருக்கிறேன். மீட்டர் மறைக்காமல் சாலை முழுதும் தெரியவேண்டும் என்பதற்காக அத்தனை உயரம்.

வண்டி மெதுவாகப் போகும்போது படம் அருமையாக வருகிறது. 4,200 ஆர்.பி.எம். தொட்டவுடன் சாலையோர மரங்கள் தண்ணீருக்குள் நிற்பது போல நெளிகின்றன. 5,000 தாண்டினால் மறுபடி ஓரளவு சரியாகிவிடுகிறது. கேமராவில் உள்ள ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைச் சரிசெய்யும் மென்பொருள் வசதி) உச்சத்தில் வைத்தும் மாற்றம் இல்லை. இரண்டு நாள் பயணத்தின் படம் முழுக்க இப்படியே போய்விட்டது, மனசு கேட்கவில்லை. கேமராவில் கோளாறா, மாட்டிய விதத்தில் கோளாறா?

#2 பழைய கார்புரேட்டர்

கேமராவில் கோளாறு இல்லை. நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள்: 4,200-இல் வருகிறது, 5,000-இல் போய்விடுகிறது.

4,200 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் நொடிக்கு 70 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 14 மில்லிநொடி. ஒற்றைச் சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் உதறலைச் சமன்செய்ய எதிரே இன்னொரு பிஸ்டன் கிடையாது. பேலன்ஸர் ஷாஃப்ட் (உதறலுக்கு எதிராகச் சுழலும் எடைத்தண்டு) இருந்தால் பெரும்பகுதி குறையும், முழுதாகப் போகாது. மீதி உதறல் சட்டகம் வழியாக ஹேண்டில்பாருக்கு வருகிறது.

ஒரு அடி ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் பகுதியைத் தட்டிப் பாருங்கள். அதிகம் நீட்டினால் மெதுவாக ஆடும், குறைத்தால் வேகமாக ஆடும். உங்கள் மூன்று இணைப்புக் கைகளும் நுனியில் கேமரா எடையும் சேர்ந்து அந்த ஸ்கேல்தான். அதன் சொந்த ஆட்டம் நொடிக்கு 70-க்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் அதே வேகத்துக்கு வந்ததும் ஆட்டம் பல மடங்காகிறது. தாண்டியதும் அடங்குகிறது.

அது ஏன் நெளிவாகத் தெரிகிறது? சென்சார் படத்தை ஒரே நொடிப்பொழுதில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. கடைசி வரியைப் படிப்பதற்குள் கேமரா ஒருமுறை போய்த் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் கேமரா வேறு இடத்தில் இருந்தால் நேரான மரம் பாம்பாகத்தான் தெரியும். ஸ்டெபிலைசேஷன் இங்கே ஏன் உதவாது என்றால், நொடிக்கு 30 படம் எடுக்கும்போது 70 முறை ஆடும் ஆட்டம் ஒரு படத்துக்குள்ளேயே இரண்டு தடவைக்கு மேல் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த மென்பொருள் முழுப் படத்தையும் நகர்த்திச் சரிசெய்யவே முதன்மையாக வடிவமைக்கப்பட்டது. பள்ளம், மேடு, கை நடுக்கம் போன்ற மெதுவான ஆட்டங்களுக்கு அது மிக நல்லது. கோப்ரோ 2018-இல் ஹீரோ7 பிளாக் கேமராவில் ஹைப்பர்ஸ்மூத் என்ற ஸ்டெபிலைசேஷனைக் கொண்டுவந்த பிறகு அந்த வகை ஆட்டத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. இன்ஜின் அதிர்வு வேறு இனம். அது கேமராவுக்குள் நுழைவதற்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். திறந்தவெளியில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் மெதுவாக 4,200 வரை ஏற்றிப் பிடிக்கவும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாக விரலால் அழுத்தட்டும். எந்த இடத்தை அழுத்தும்போது ஆட்டம் சட்டென்று குறைகிறதோ, அதுதான் பலவீனமான இடம். கண்ணாடித் தண்டு பக்கத்தில் இருக்கிறதே, அதையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

#3 வளைவுத்தேடி

இவ்வளவு சிரமமே வேண்டாம். ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் மாட்டுங்கள். இருக்கைக்கும் கேமராவுக்கும் நடுவே இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் இருக்கின்றன. மனித உடம்பைப் போல இன்ஜின் அதிர்வை விழுங்கும் பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. நான் நாலு வருடமாக அப்படித்தான் எடுக்கிறேன், ஒருமுறைகூட நெளிவு வந்ததில்லை.

இன்னொரு நன்மை, நீங்கள் பார்ப்பதைத்தான் கேமராவும் பார்க்கிறது. வளைவில் தலை திரும்பும் பக்கம் படமும் திரும்பும். ஹேண்டில்பாரில் வைத்தால் வளைவுக்குள் எட்டிப் பார்க்கவே பார்க்காது.

#4 இரவுப்பயணி

தாடையில் படம் நன்றாக வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதை முதல் யோசனையாகச் சொல்லாதீர்கள். ஹெல்மெட்டின் வெளிப்பரப்பு ஏன் வழவழப்பாக இருக்கிறது? விழுந்தால் தரையில் சறுக்கிப் போகவேண்டும், எதிலும் சிக்கக்கூடாது. துருத்திக்கொண்டிருக்கும் பொருள் தரையில் மாட்டினால் தலை திருகும். மூளைக்கு அந்தத் திருகல்தான் கொடியது. ஈ.சி.ஈ. 22.06 என்ற ஹெல்மெட் பாதுகாப்புத் தரத்தில் சாய்வாக மோதவிட்டுச் சுழற்சியை அளக்கும் சோதனையைச் சேர்த்ததே இதற்காகத்தான். ஹெல்மெட் தயாரிப்பாளரே தரும் துணைக்கருவிகளைக்கூட மாட்டிவைத்துச் சோதிக்கவேண்டும் என்கிறது அந்தத் தரம். நாம் ஒட்டும் பிளாஸ்டிக் துண்டை யாரும் அப்படிச் சோதித்ததில்லை.

சில இடங்களில் ஹெல்மெட்டில் எதையும் பொருத்துவதே குற்றம். ஓட்டும் பகுதியின் விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

#5 வளைவுத்தேடி

நியாயமான கவலை. உச்சியிலும் பக்கவாட்டிலும் மாட்டுவதை நானும் ஏற்பதில்லை. உச்சியில் வைத்தால் வேகத்தில் காற்று கழுத்தைப் பின்னால் இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளல் நாலு மடங்கு. பக்கவாட்டில் வைத்தால் கழுத்து ஒருபுறமாகத் திருகிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் வலி தெரியும்.

தாடையில்தான் வைப்பேன் என்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்: ஹெல்மெட்டில் துளை போடாதீர்கள், திருகு இறக்காதீர்கள். ஒட்டும் டேப் மட்டும். விழுந்தால் அது பிய்ந்து போகவேண்டும், பிய்ந்து போவதுதான் நல்லது. ஒட்டும் இடத்தை மென்மையான சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பாலிகார்பனேட் ஓடு கொண்ட ஹெல்மெட்டில் பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் படக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். 3எம் வி.எச்.பி. போன்ற டேப் ஒட்டியவுடனே முழுப் பிடிப்பு தராது. அறை வெப்பத்தில் ஒரு நாளில் சுமார் 90 சதவீதமும், முழுப் பலம் வர 72 மணி நேரமும் ஆகும். காலையில் ஒட்டி மதியம் கிளம்பியவர்களின் கேமராக்கள் சாலையில் கிடக்கின்றன.

#6 மண்பாதை

எல்லோருக்கும் நன்றி. ஹெல்மெட்டில் மாட்ட வீட்டில் சம்மதம் இல்லை, இரவுப்பயணி எழுதியதைப் படித்தபின் எனக்கும் மனம் இல்லை. வண்டியிலேயே ஒரு நல்ல இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

சோதனை செய்தேன். தம்பி விரலால் அழுத்தினான். இரண்டாவது இணைப்பை அழுத்தியதும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. அதைவிட ஆச்சரியம், கண்ணாடித் தண்டைப் பிடித்தவுடன் கேமராவும் கொஞ்சம் அடங்கியது.

#7 பழைய கார்புரேட்டர்

கண்ணாடியும் தண்டின் நுனியில் உட்கார்ந்திருக்கும் எடைதானே. அது தன் பங்குக்கு ஹேண்டில்பாரை ஆட்டுகிறது. அதனால்தான் கண்ணாடித் தண்டில் கேமரா மாட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பத்துப் பதினைந்து வண்டிகளில் மாட்டிப் பார்த்த அனுபவம் இது. முதலில் பார்க்கவேண்டியது, அந்த இடம் வண்டியின் முதன்மைச் சட்டகத்தோடு எத்தனை நேராக இணைந்திருக்கிறது என்பது. விரல் நுனியால் தள்ளினால் அசையும் எதுவும் ஆகாது. வைசர், ஃபேரிங், முன் மட்கார்டு, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் தண்டு எல்லாம் ஆகாது. இன்ஜின் கார்டு பார்க்கக் கெட்டியான இரும்பு, ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அது இன்ஜின் போல்ட்டிலேயே முடுக்கப்பட்டிருக்கும். உதறலை நேராக வாங்கி, வளைந்த குழாயின் நுனியில் பெரிதாக்கிக் காட்டும். அதன் அடிப்பகுதியில், போல்ட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி மாட்டினால் சில வண்டிகளில் நன்றாக வரும், நுனியில் ஒருபோதும் வராது.

முன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி ஆசையைத் தூண்டும் இடம். சக்கரத்துக்கு அருகில் தரையை ஒட்டி எடுத்தால் 40 கி.மீ. வேகமே 100 போலத் தெரியும். ஆனால் அது சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் கேமராவைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். மேடுபள்ளம் இல்லாத சாலையில் அரை நிமிடக் காட்சி எடுக்கலாம், நாள் முழுக்க வைக்கக்கூடாது.

என் விருப்பம் இரண்டு. ஒன்று, ஹேண்டில்பாரின் மையம், கிளாம்ப் போல்ட்டுகள் இருக்கும் இடம். அங்கே குழாய் மிகக் கெட்டியாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, ஆட்டம் மிகக் குறைவு. நீங்கள் மாட்டியிருப்பது நுனிக்குப் பக்கத்தில், அங்கே ஆட்டம் அதிகம். கைப்பிடி அதிர்வைக் குறைக்க நிறுவனங்களே ஹேண்டில்பார் நுனியில் எடை வைப்பது இதனால்தான். இரண்டாவது, டேங்குக்கு முன்னால் ஸ்டீயரிங் தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சட்டகக் குழாய். கைப்பிடியைத் திருப்பினாலும் கேமரா திரும்பாது. படத்தில் ஹேண்டில்பார் திரும்புவது தெரியும், பார்ப்பவருக்கு வண்டி ஓட்டுகிற உணர்வு வரும். கேபிள்கள் இழுபடாமல், கைப்பிடி இரு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்தபின் மட்டும் முடுக்குங்கள்.

அடுத்தது, கை எத்தனை குட்டையோ அத்தனை நல்லது. மூன்று இணைப்பை ஒன்றாக்குங்கள். பிளாஸ்டிக் கிளாம்ப்பை அலுமினியத்துக்கு மாற்றுங்கள். மீட்டர் கொஞ்சம் மறைந்தால் மறையட்டும்.

ரப்பர் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ரப்பருக்கும் அதன் மேல் இருக்கும் எடைக்கும் சேர்த்து ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே கூட்டித்தான் கொடுக்கும். கேமராவின் எடை 150 கிராம் அளவில்தான் இருக்கிறது. அத்தனை இலேசான பொருளுக்குச் சாதாரண ரப்பர் வாஷர் கல் மாதிரி. மிக மிருதுவான ரப்பர் போட்டால் இன்ஜின் அதிர்வு நிற்கும், ஆனால் பள்ளத்தில் கேமரா தலையாட்டும். ரப்பருக்கு மேலே, கேமராவுக்குக் கீழே 200 கிராம் இரும்புத் தகடு ஒன்றைச் சேர்த்தால் அந்தச் சொந்த அதிர்வெண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும். நான் செய்து பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் எடை கூடியதால் கிளாம்ப்பும் பெரிதாக வேண்டியிருந்தது. முதலில் கெட்டியாக மாட்டிப் பாருங்கள், ரப்பரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

#8 சேற்றுத்தடம்

பல மாதமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இந்த இழைக்கு எழுதியே ஆகவேண்டும். பாதுகாப்புக் கயிறு கட்டுங்கள், ஆனால் குட்டையாகக் கட்டுங்கள்.

எனக்கு நடந்தது. ஹேண்டில்பாரில் இருந்த பிளாஸ்டிக் இணைப்பு, மாதக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து, ஒருநாள் விரல் போன்ற அந்தப் பல் வேரோடு முறிந்தது. கேமரா போய்விடக் கூடாதே என்று முழ நீளக் கயிறு போட்டிருந்தேன். அது தொங்கிப் போய் முன் சக்கரக் கம்பிகளுக்குள் அடித்தது. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். கயிறு மெலிதாக இருந்ததால் அறுந்துவிட்டது. அறுந்திராவிட்டால் சக்கரத்தில் சுற்றியிருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கை நடுக்கம் நிற்கவில்லை.

கயிறு முழு நீளத்துக்குத் தொங்கினாலும் சக்கரம், செயின், பிரேக் டிஸ்க் எதையும் எட்டக்கூடாது. ஒரு சாண் போதும். அதை மவுண்ட்டில் கட்டாதீர்கள், வண்டியில் கட்டுங்கள், முறிவது மவுண்ட்தானே. இணைப்புகளின் பல்லடியில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்ப்பேன். தெரிந்தால் அன்றே மாற்றிவிடுவேன்.

#9 பழைய கார்புரேட்டர்

நீங்கள் நலமாக இருப்பதே பெரிது. திருகு தளராமலிருக்கப் பலர் நீலநிறத் திருகுப் பசை போடுகிறார்கள். உலோகத்தில் உலோகம் என்றால் போடலாம். பிளாஸ்டிக் இணைப்பில் போடாதீர்கள், பாலிகார்பனேட்டையும் ஏ.பி.எஸ்.-ஐயும் அது வெடிக்கச் செய்யும். பிளாஸ்டிக்குக்கு நைலான் பூட்டு நட்டு நல்லது. முடுக்கியபின் நட்டுக்கும் மவுண்ட்டுக்கும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு விலகியதுமே தளர்ந்தது தெரிந்துவிடும்.

#10 இரவுப்பயணி

இதைப் படிக்கும் புதியவர்களில் பாதிப்பேர் கேமராவுக்குப் பதிலாகக் கைப்பேசியை மாட்டலாமே என்று நினைப்பார்கள். வேண்டாம். கைப்பேசிக் கேமராவின் லென்ஸ் சின்னஞ்சிறு காந்தச் சுருள்களில் மிதக்கிறது, கைநடுக்கத்தைச் சரிசெய்ய. ஆப்பிள் நிறுவனமே 2021-இல், அதிகத் திறனுள்ள மோட்டார்சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் அந்த அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று எழுத்தில் எச்சரித்தது. வழிகாட்ட மாட்டினாலும் அதிர்வு தாங்கும் மவுண்ட் தேவை. ஆக்‌ஷன் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் அப்படி அசையும் பாகம் கிடையாது, அதனால் தாக்குப்பிடிக்கின்றன.

#11 மண்பாதை

அலுமினியக் கிளாம்ப் வாங்கியாயிற்று. சனிக்கிழமை மாட்டுகிறேன். இதற்கிடையே ஒரு கேள்வி: என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போட்டால் நெளிவு போகும் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மையா?

#12 வளைவுத்தேடி

உண்மைதான். நல்ல வெயிலில் கேமரா தானாகவே ஷட்டரை 1/1000, 1/2000 நொடிக்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு வரியும் கத்தி போல வெட்டிய மாதிரி பதிவாகும், நெளிவும் அப்படியே தெளிவாகத் தெரியும். கறுப்புக் கண்ணாடி போல ஃபில்டர் போட்டு நொடிக்கு 30 படத்துக்கு ஷட்டரை 1/60 நொடி என்று மெதுவாக்கினால் அந்த நெளிவு மங்கிக் கரைந்துவிடும். சாலையும் வழிந்தோடுவது போல அழகாக வரும்.

#13 பழைய கார்புரேட்டர்

மங்கும், போகாது. நெளிந்த மரம் இப்போது மங்கலான மரமாகும், அவ்வளவுதான். அதோடு ஸ்டெபிலைசேஷன் போட்டிருந்தால் இன்னொரு தொல்லை: பள்ளத்தில் அடிக்கும்போது பதிவான மங்கல் படத்திலேயே இருக்கும், மென்பொருள் படத்தை மட்டும் நிலையாகப் பிடித்துவைக்கும். அசையாத காட்சி காரணமில்லாமல் கண்ணுக்கு மங்கி மங்கித் தெளியும். சாயங்கால வெளிச்சத்தில் ஃபில்டர் இல்லாமலே இது நடக்கும், அப்போது ஷட்டர் தானாகவே மெதுவாகிவிடுகிறது. மவுண்ட்டைச் சரிசெய்தபின், அழகுக்காக வேண்டுமானால் ஃபில்டர் போடுங்கள். நான் போட்டாலும் 1/120-க்குக் கீழே இறக்கமாட்டேன்.

#14 வளைவுத்தேடி

அழகு விஷயத்தில் நமக்குள் ஒத்துவராது, விடுங்கள். 1/120-ஐ ஏற்கிறேன்.

மண்பாதை, அடிவான நிலைநிறுத்தத்தை அணைத்துவிட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சட்டகத்தில் மாட்டிய சாதாரணக் கேமரா வண்டியோடு சேர்ந்து சாய்வதால், வளைவில் வண்டி நேராக நிற்பது போலவும் உலகம் சாய்வது போலவும் தெரியும். மோட்டோஜிபி பைக் பந்தய ஒளிபரப்பில் 2010 வாக்கில் கைரோ கேமரா வந்தபோதுதான், அடிவானம் நிலையாக நிற்க ஓட்டுநர் எத்தனை படுக்கிறார் என்று வீட்டிலிருந்தவர்களுக்குப் புரிந்தது. இப்போது சின்னக் கேமராக்களிலேயே அந்த வசதி இருக்கிறது. எனக்கு இரண்டும் பிடிக்கும், இடத்தைப் பொறுத்து.

#15 சேற்றுத்தடம்

ஒலியைப் பற்றி யாரும் பேசவில்லை. கேமராவின் சொந்த மைக் அறுபதுக்கு மேல் வெறும் காற்றிரைச்சல்தான். சட்டைக் காலர் மைக் ஒன்றைப் பஞ்சு உறை போட்டு சீட்டுக்கு அடியில் அல்லது பின்விளக்குக்குப் பின்னால், காற்று படாத மறைவில் வைத்தால் சைலன்சர் சத்தம் அப்படியே வரும். பேசுவதற்கென்றால் ஹெல்மெட்டுக்குள் தாடைப் பஞ்சில்.

மெமரி கார்டில் வி30 (எழுதும் வேகத்தைக் குறிக்கும் குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். படப்பதிவை நொடிக்கு 100 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. போகும்.

#16 மண்பாதை

மாட்டிவிட்டேன். ஹேண்டில்பார் மையத்தில் முதலில் பார்த்தேன், 4,200-இல் நெளிவு கிட்டத்தட்ட இல்லை. அப்புறம் ஸ்டீயரிங் தலைக்குக் கீழே சட்டகக் குழாயில், ஒரே ஒரு இணைப்போடு. கைப்பிடியை இடப்பக்கம் முழுதாகத் திருப்பியபோது கிளட்ச் கேபிள் உரசியது, கிளாம்ப்பை இரண்டு விரற்கடை கீழே இறக்கியதும் சரியாகிவிட்டது. ஒரு சாண் கயிறு, சட்டகத்தில் கட்டி. நட்டுகளில் பெயிண்ட் கோடு.

காலையில் 120 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தேன். 4,200-இல் மரங்கள் மரங்களாகவே நிற்கின்றன! மீட்டரின் கீழ்ப்பாதி மறைகிறது, அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. 5,800-க்கு மேல் மட்டும் ஓரங்களில் மெல்லிய நடுக்கம் தெரிகிறது. தம்பி அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தான்.

#17 பழைய கார்புரேட்டர்

மகிழ்ச்சி. கையைக் குட்டையாக்கியதால் அதன் சொந்த அதிர்வெண் மேலே ஏறி, இப்போது நொடிக்கு 97-க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. 5,800 ஆர்.பி.எம். அதுதான். அந்த வண்டியில் அந்த வேகத்தில் எத்தனை நேரம் ஓட்டுவீர்கள்?

#18 மண்பாதை

முந்தும்போது மட்டும், சில நொடிகள்.

#19 பழைய கார்புரேட்டர்

அப்படியென்றால் அதை விட்டுவிடுங்கள். அடுத்த 500 கி.மீ.-இல் ஒருமுறை கிளாம்ப் திருகை மட்டும் முடுக்கிப் பாருங்கள், புது அலுமினியம் பெயிண்ட்டை அழுத்திக்கொண்டு கொஞ்சம் உட்காரும், பிடிப்பு தளரும்.